பத்து கெஜம், நாலு தவணை

(இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி. சூப்பர் பௌல் இறுதியாட்டச் சூடு இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. கிரிக்கெட் கேள்விகள் அடுத்த வாரம். அதற்குள் யாரும் கோபித்துக்கொண்டு கார்டு போட வேண்டாம்.)

கே: அமெரிக்காவுக்கு வெளியே இந்த ஆட்டத்தை ஈ காக்காயாவது பார்க்கிறதா? (நாகர்கோவில்)

ப: 1,03,467 ஈ காக்காய். 2005 அக்டோபர் 2, மெக்சிகோ சிட்டி, அஸ்டெக்கா ஸ்டேடியம். அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். தன் லீக் ஆட்டம் ஒன்றை முதன்முதலாக அமெரிக்காவுக்கு வெளியே நடத்திய நாள். ஆடியதும் பெரிய அணிகள் இல்லை. அரிசோனா கார்டினல்ஸ், சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ். அந்த சீசன் முழுவதும் இரண்டும் சேர்ந்து ஜெயித்ததே 9 ஆட்டம்தான். அதற்கே அந்தக் கூட்டம். 1994-ல் அதே மைதானத்தில் நடந்த வெறும் பயிற்சி ஆட்டத்துக்கு 1,12,376 பேர் வந்தார்கள்.

கே: விதிமுறையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? பேரன் அட்லாண்டாவில் இருக்கிறான். போனில் அவன் பேசுவது ஒன்றும் புரியவில்லை. (மயிலாப்பூர்ப் பாட்டி)

ப: கடன் கட்டுகிற விவகாரமாக வைத்துக்கொள்ளுங்கள் பாட்டி. பத்து கெஜம் முன்னேற வேண்டும், அதற்கு நாலு தவணை. கட்டி முடித்தால் புதிதாக நாலு தவணை கிடைக்கும். கட்டாவிட்டால் பந்து ஜப்தி, எதிராளி கைக்குப் போய்விடும். கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தால் 6 புள்ளி. மீதியெல்லாம் வக்கீல் சமாசாரம். அடுத்த முறை பேரன் பேசும்போது, "உங்க ஊர் டீம் இந்த வருஷமும் சரியில்லையாமேப்பா" என்று மட்டும் சொல்லிவையுங்கள். 2017 சூப்பர் பௌலில் 28-3 என்று முன்னணியில் இருந்துவிட்டுத் தோற்ற ஊர் அது. மறுக்க மாட்டான்.

கே: மெக்சிகோ பக்கத்து வீடு, சரி. ஜெர்மன்காரர்களுக்கு எப்படி இந்தப் பைத்தியம் பிடித்தது? (கோயம்புத்தூர்)

ப: முதலில் பட்டாளம், பிறகு கடிகாரம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்க ராணுவம் தெற்கு ஜெர்மனியில் கூடாரம் போட்டது. போன இடத்துக்கெல்லாம் கோக்கும் பந்தும் கூடவே போயின. ராணுவ முகாம்களில் நடந்ததை வேலிக்கு வெளியே நின்று பார்த்த பையன்கள் வளர்ந்தார்கள். 1977-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் முதல் கிளப், 1979-ல் சொந்த லீக். பிறகு என்.எஃப்.எல். தானே ஐரோப்பாவில் ஒரு லீக் நடத்தியது. லண்டன், பார்சிலோனா, எடின்பரோ என்று கடை விரித்துப் பார்த்தார்கள். 2007-ல் இழுத்து மூடும்போது மிச்சமிருந்த ஆறு அணிகளில் ஐந்து ஜெர்மனியில் இருந்தன. ஆறாவது ஆம்ஸ்டர்டாம். அங்கே 1998-ல் ஆடிய கர்ட் வார்னர், 2000 ஜனவரியில் சூப்பர் பௌலின் சிறந்த ஆட்டக்காரர். நஷ்டக் கடையிலும் நல்ல சரக்கு ஒன்று விற்றிருக்கிறது.

கடிகாரத்துக்கு வருகிறேன். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஞாயிறு மதியம் 1 மணி ஆட்டம் ஜெர்மனியில் மாலை 7 மணி. சாப்பாட்டுத் தட்டோடு சோபாவில் உட்கார்கிற நேரம். அதே ஆட்டம் நமக்கு, குளிர்காலத்தில், ராத்திரி பதினொன்றரை. ஜப்பானுக்குத் திங்கள் விடியற்காலை 3 மணி. எந்த நாட்டில் இந்த ஆட்டத்துக்கு எவ்வளவு ரசிகர்கள் என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் முதலில் மணி பார்க்கட்டும்.

2022 நவம்பரில் மியூனிக்கில் என்.எஃப்.எல்.லின் முதல் லீக் ஆட்டம் நடந்தது. நட்சத்திர ஆட்டக்காரர் டாம் பிரேடி ஆடினார், 69,811 பேர் பார்த்தார்கள். கடைசிக் கால்பகுதியில் ஒலிபெருக்கியில் ஜான் டென்வரின் 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்' ஓடியது. பாட்டை நிறுத்தினார்கள், ஜனம் நிறுத்தவில்லை. பாட்டில் வரும் மேற்கு வர்ஜீனியாவைப் பார்த்தே இராத பவேரியாக்காரர்கள் ஊர் ஏக்கத்தில் உருகினார்கள். அமெரிக்க வர்ணனையாளர்களே கொஞ்சம் ஆடிப்போனார்கள்.

கே: ரசனை என்பது ரத்தத்திலேயே ஊறியது என்கிறேன் நான். மறுக்க முடியுமா? (பாளையங்கோட்டை)

ப: பசிபிக் கடலில் இரண்டு சமோவா இருக்கின்றன. ஒன்று சுதந்திர நாடு, இன்னொன்று அமெரிக்காவுக்குச் சொந்தம். நடுவில் அறுபது கிலோமீட்டர் சொச்சம் கடல். ஒரே இனம், ஒரே மொழி, இரண்டு பக்கமும் சித்தப்பா பெரியப்பா மக்கள்.

சுதந்திர சமோவாவை 1962 வரை ஆண்டது நியூசிலாந்து. அதனால் அங்கே ரக்பி. 1991 உலகக் கோப்பையில் வேல்ஸை அதன் சொந்த ஊரான கார்டிஃபிலேயே சாய்த்தார்கள். அமெரிக்க சமோவாவில் 1900-லிருந்து பறப்பது அமெரிக்கக் கொடி. அங்கே பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் அமெரிக்கன் ஃபுட்பால். மொத்த ஜனத்தொகை ஐம்பதாயிரம் சுமார், நம் ஊரில் ஒரு சின்ன நகராட்சி அளவு. அங்கிருந்து என்.எஃப்.எல்.லுக்குப் போகிறவர்களின் விகிதத்தை டெக்ஸாஸ் பொறாமையோடு பார்க்கிறது. இந்தப் பக்கம் வண்டி வலது ஓரம் போகிறது, அந்தப் பக்கம் 2009-லிருந்து இடது ஓரம். 2011 கடைசியில் சுதந்திர சமோவா தேதிக்கோட்டையும் தாண்டிக் குதித்துவிட்டதால் காலண்டரிலும் ஒரு நாள் வித்தியாசம்.

சரி, நாம் ஃபுட்பால் என்று சொல்கிற அந்த உதைபந்து அமெரிக்க சமோவாவில் எப்படி என்று கேட்பீர்கள். 2001-ல் ஆஸ்திரேலியாவிடம் 31-0 என்று தோற்றார்கள். சர்வதேச ஆட்டங்களில் அதுதான் இன்றுவரை ஆகப்பெரிய தோல்வி. ரத்தம் பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது.

கே: மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்க்க அதில் என்ன இருக்கிறது? (ஈரோடு)

ப: 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' 2010-ல் கடிகாரம் வைத்து எண்ணியது. பந்து உயிரோடு இருக்கிற நேரம் ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 11 நிமிஷம். மீதி கூடிப் பேசுவது, வரிசையில் நிற்பது, விளம்பரம். ஐந்து நாள் டெஸ்ட் மேட்சில் நடுவே டீ குடிக்கப் போகிற வம்சத்தில் வந்தவர்கள் நாம். இதைக் கிண்டல் செய்கிற உரிமை நமக்கு இல்லை.

கே: இங்கிலாந்துக்காரர்களுக்குத்தான் உதைபந்து, ரக்பி, கிரிக்கெட் என்று எல்லாம் இருக்கிறதே. இது எதற்கு? (வேலூர் கல்லூரி மாணவி)

ப: 1982 நவம்பரில் சேனல் 4 என்ற புது டி.வி. அங்கே பிறந்தது. ஓடுகிற விளையாட்டுகளையெல்லாம் பழைய சேனல்கள் மடக்கி வைத்திருந்தன. அனாதையாகக் கிடந்தது இது ஒன்றுதான், எடுத்துப் போட்டார்கள். நாலே வருஷத்தில், 1986-ல், சிகாகோ பேர்ஸ் அணி வெம்ப்ளிக்கு வந்தபோது 'ரெஃப்ரிஜிரேட்டர்' என்ற செல்லப்பெயர் கொண்ட வில்லியம் பெர்ரியைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. ஆள் நிஜமாகவே அந்த சைஸ்.

2007-ல் லீக் ஆட்டமே வந்தது. மழை கொட்டி, வெம்ப்ளி புல்தரை கிழிந்து தொங்கியது. சில வாரம் கழித்து அதே தரையில் இங்கிலாந்து உதைபந்து அணி குரோஷியாவிடம் 3-2 என்று தோற்று ஐரோப்பியக் கோப்பைக்குப் போக முடியாமல் நின்றது. பத்திரிகைகள் பயிற்சியாளரைத் திட்டிய கையோடு புல்லையும் திட்டின. 2019-ல் திறந்த டாட்டன்ஹாம் ஸ்டேடியத்தில் அந்தப் பஞ்சாயத்தே வேண்டாம் என்று முடித்துவிட்டார்கள். உதைபந்துப் புல்தரை மூன்று துண்டாகப் பிரிந்து கேலரிக்கு அடியில் நழுவிப் போய்விடும். கீழே அமெரிக்கன் ஃபுட்பாலுக்கென்றே செயற்கைத் தரை. ஒரு மாமியாருக்கும் மருமகளுக்கும் கட்டிக்கொடுக்க வேண்டிய வீடு.

இன்னொன்று. லண்டனில் ஆடுவது எந்த இரண்டு அணியாக இருந்தாலும், கேலரியில் 32 அணிகளின் சட்டையையும் பார்க்கலாம். அமெரிக்காவில் பிறந்த ஊர்தான் உங்கள் அணியைத் தீர்மானிக்கும். லண்டன்காரனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சின்ன வயதில் டி.வி.யில் யார் ஜெயித்தார்களோ, எந்த நிறம் பிடித்ததோ, அது.

கே: ஜப்பானில் பேஸ்பால்தானே உயிர்? (காரைக்குடி)

ப: உயிர் அதுதான். அமெரிக்கன் ஃபுட்பால் அங்கே பட்டப்படிப்பு. பால் ரஷ் என்ற அமெரிக்க ஆசிரியர் 1934-ல் பல்கலைக்கழகங்களில் ஆரம்பித்து வைத்தார். இன்றும் பல்கலைக்கழகமும் கம்பெனியும்தான் அதன் இரண்டு வீடு. 1947-லிருந்து கல்லூரி இறுதியாட்டத்துக்குப் பெயர் கோஷியன் பௌல். நடப்பது கோஷியன் பேஸ்பால் மைதானத்தில், அதாவது அங்கேயும் குடித்தனம்தான். படிப்பு முடிந்ததும் ஃபுஜிட்சு, பானாசோனிக் அணிகளில் சேர்கிறார்கள். பகலில் ஆபீஸ் பைல், மற்ற நேரத்தில் ஹெல்மெட்.

டி.வி.யில் கூட்டம் சேர்க்காத இந்த ஆட்டம் ஒரு முறை நாட்டையே உலுக்கியது. 2018 மே மாதம் நிஹோன் பல்கலைக்கழக ஆட்டக்காரர் ஒருவர், பந்தை எறிந்துவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்த எதிரணி குவார்ட்டர்பேக்கைப் பின்னாலிருந்து பாய்ந்து சாய்த்தார். வீடியோ பரவியது. இருபது வயதுப் பையன் கேமராக்கள் முன்னால் வந்து, தலை வணங்கி மன்னிப்புக் கேட்டார். பயிற்சியாளர்கள் சொல்லித்தான் செய்ததாகச் சொன்னார். அவர்கள் மறுத்தார்கள், ஆனாலும் தலைமைப் பயிற்சியாளர் பதவி போனது. ஆட்டத்தின் விதியே தெரியாத பாட்டிகள்கூட அந்தப் பையனுக்காக வருத்தப்பட்டார்கள். அமெரிக்காவில் இது விளையாட்டுப் பக்கத்துச் செய்தி. ஜப்பானில் மேலதிகாரி சொன்னால் கீழே இருப்பவன் எதுவரை கேட்பது என்கிற கேள்வி, ஆகவே முதல் பக்கம்.

கே: தன் நாட்டு லீக்கில் ஜெயித்தவனை 'உலக சாம்பியன்' என்கிறார்களே, கூச்சமே கிடையாதா? (கும்பகோணம்)

ப: கிடையாது. நிஜமாகவே உலகக் கோப்பை ஒன்று 1999-ல் தொடங்கியது. அமெரிக்கா ஆள் அனுப்பவில்லை. 1999, 2003 இரண்டிலும் ஜப்பான் சாம்பியன். 2007-ல் ஜப்பானிலேயே போட்டி. அமெரிக்கா கல்லூரி முடித்த அமெச்சூர் பையன்களைத் திரட்டிக்கொண்டு வந்தது. கூடுதல் நேரம் இரண்டு போய், 23-20 என்று மூச்சு வாங்க ஜெயித்தது. அந்த ஆட்டம் நடந்ததே பெரும்பாலான அமெரிக்கர்களுக்குத் தெரியாது. ஜப்பான்காரர்களைக் கேளுங்கள், ஒவ்வொரு நிமிஷமும் சொல்வார்கள்.

கே: கனடா? (திருவாரூர்)

ப: அங்கே மூன்றே தவணை, 110 கெஜ மைதானம், பக்கத்துக்கு 12 பேர், சொந்த லீக். 1874-ல் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகப் பையன்கள் போய் ஆடிக் காட்டித்தான் ஹார்வர்டு இதைக் கற்றுக்கொண்டது. கனடாக்காரர்கள் இதை மரியாதையாக, ஆனால் ஒவ்வொரு முறையும், நினைவுபடுத்துவார்கள்.

கே: ஆஸ்திரேலியர்கள் பார்ப்பதில்லை, ஆனால் ஆடப் போகிறார்களாமே? (சிட்னியிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன்)

ப: அண்ணை, உங்கள் ஊர் விஷயம் எனக்கே சொல்லித் தருகிறீர்களா! அவர்கள் நாட்டு விதிப்படி ஆடும் ஃபுட்பாலில் நீள்வட்டப் பந்தை ஓடிக்கொண்டே உயர உதைப்பது குழந்தைப் பருவ வித்தை. அமெரிக்காவில் அதற்கென்று தனி உத்தியோகமே இருக்கிறது. மெல்போர்னில் பயிற்சிக்கூடம் வைத்து அமெரிக்கக் கல்லூரிகளுக்கு உதைப்பாளர்களை ஏற்றுமதி செய்கிறார்கள். ஆனால் என்னை அசத்தியவர் ஜோர்டன் மைலாட்டா. சிட்னியில் ரக்பி லீக் ஆடியவர். அமெரிக்கன் ஃபுட்பாலில் ஓர் ஆட்டம்கூட ஆடாதவரை 2018-ல் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் எடுத்தது. 2025 பிப்ரவரியில் கையில் சூப்பர் பௌல் கோப்பை. எந்த ஆட்டத்தையும் ரசிக்காமலே அதில் பிழைக்கலாம்.

கே: பிரேசிலில் போய் நடத்தினார்களே, எடுபட்டதா? (புதுச்சேரி)

ப: எடுபட்டது. நிறத்தில் மட்டும் மாட்டினார்கள். 2024 செப்டம்பரில் சாவோ பாவ்லோ, கொரிந்தியன்ஸ் கிளப்பின் ஸ்டேடியம். கொரிந்தியன்ஸ் ரசிகனுக்குப் பச்சை ஆகாது. அது பரம எதிரி பால்மெய்ராஸின் நிறம். அழைத்து வந்த அணிகள் ஈகிள்ஸும் கிரீன் பே பேக்கர்ஸும். இரண்டும் பச்சை. 32 அணிகளில் தேடிப்பிடித்து அனுப்பியவருக்கு ஒரு கும்பிடு.

கே: இந்தியாவில் யாரும் முயற்சி செய்யவில்லையா? (மதுரை)

ப: செய்தார்கள். 2012-ல் எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா. முதலீடு செய்தவர்களில் மேற்படி கர்ட் வார்னரும் உண்டு. கொழும்பு லயன்ஸ் என்று இலங்கைக்கும் ஓர் அணி. நீங்கள் கேட்பதிலிருந்தே அது என்ன ஆயிற்று என்று தெரிகிறது. ஊரில் கபடி ஏற்கெனவே ஆளைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தது, ஹெல்மெட் செலவு இல்லாமல்.

கே: பெண்கள் ஆடுவதில்லையா? (சேலம் ஆசிரியை)

ப: மோதல் இல்லாத வடிவம் ஒன்று இருக்கிறது, ஃபிளாக் ஃபுட்பால். பக்கத்துக்கு ஐந்து பேர். ஆளைச் சாய்க்க வேண்டாம், இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை உருவினால் போதும். 2022 உலக விளையாட்டுப் போட்டி அலபாமாவில் நடந்தது. மெக்சிகோப் பெண்கள் இறுதியாட்டத்தில் அமெரிக்கப் பெண்களை அவர்கள் மண்ணிலேயே 39-6 என்று தோற்கடித்தார்கள். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ஸில் இதுவும் உண்டு, கிரிக்கெட்டும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து ஒப்புதல் கிடைத்தது 2023 அக்டோபரில், நம் மும்பையில் நடந்த கூட்டத்தில்.

கே: தோற்ற அணிக்கும் 'சாம்பியன்' என்று சட்டை அடித்து வைப்பார்களாமே? (சிவகாசி அச்சக ஊழியர்)

ப: தொழில் கேள்வி! ஆட்டம் முடிந்த நிமிஷமே விற்க வேண்டும் என்பதால் இரண்டு அணிக்கும் அடிப்பார்கள். தோற்றதைப் பல வருஷம் வேர்ல்ட் விஷன் தொண்டு நிறுவனம் வழியாக ஏழை நாடுகளுக்கு அனுப்பினார்கள். 2008-ல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 18 ஆட்டம் வரிசையாக ஜெயித்து, பத்தொன்பதாவதாக இறுதியாட்டத்தில் தோற்றது. '19-0' என்று அடித்த சட்டைகள் நிகரகுவா போய்ச் சேர்ந்தன. போட்டுக்கொண்டவர்களுக்கு ஆட்டமும் தெரியாது, அணியும் தெரியாது. துணி நல்ல துணி.

கே: அடுத்த சூப்பர் பௌலைப் பார்க்க நான் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்? (தாம்பரம்)

ப: திங்கள் காலை 5 மணி. ஜெர்மன்காரன் ராத்திரி பன்னிரண்டரைக்கு ஆரம்பித்து, விடிய விடியப் பார்த்துவிட்டு, கண் சிவக்க ஆபீஸ் போகிறான். உங்களுக்குப் பால் வாங்குகிற நேரம். ஒன்பதே காலுக்குள் கோப்பையைக் கொடுத்துவிடுவார்கள், ஒன்பதரை பீச் வண்டியைப் பிடித்துவிடலாம். வண்டியில் யாரும் உங்களிடம் ஸ்கோர் கேட்க மாட்டார்கள். நீங்களாகத்தான் சொல்ல வேண்டும்.