வெட்டுவானேன், ஒட்டுவானேன்

நல்ல துணியைக் காசு கொடுத்து வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, வெட்டியதையெல்லாம் மறுபடி கையாலேயே தைத்து ஒன்றாக்குவதற்கு ஜப்பானில் வகுப்பு நடத்துகிறார்கள். அதற்குக் கட்டணமும் உண்டு. டோக்கியோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் அப்படிக் கட்டணம் கட்டியவர்களில் நானும் ஒருத்தி.

ஊரிலிருக்கும் மாமியாரிடம் போனில் சொன்னேன்.

“ஒட்டுப்போட்ட பையா?” என்றார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, “அவனுக்கு வேலையெல்லாம் இருக்கில்லம்மா?” என்றார்.

அவர் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. ஜப்பானிலும் ஒட்டுத்துணி வறுமையில் பிறந்ததுதான். வடக்கே ஆவோமோரியின் குளிரில் பருத்தி விளையாது. அங்கே ஏழை வீடுகளில் நார்த்துணியில் கந்தல்மேல் கந்தலாக ஒட்டித் தைத்து, தலைமுறை தலைமுறையாக உடுத்தினார்கள். ‘போரோ’ என்னும் அந்தக் கந்தல்கள் இன்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் வீட்டில் கரித்துணியாகிக் காணாமல் போனவற்றை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டேன்.

வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ‘கோமெபுகுரோ’. கோயிலுக்குக் காணிக்கை அரிசி கொண்டுபோகத் தைத்த சுருக்குப் பை. அடி சதுரம், வாயைச் சுற்றிக் காதுகள், காதுகளுக்குள் கயிறு.

ஆசிரியை மேசைமேல் துணிகளை விரித்தார். சாம்பல், புழுதி கலந்த சாம்பல், மழை வரப்போகிற சாம்பல். அரக்கும் மயில்கழுத்தும் மாம்பழ மஞ்சளும் பார்த்து வளர்ந்த கண் இது. இழவு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. யோக்கோ சைட்டோ என்ற கலைஞர் இந்த மங்கல் நிறங்களை வைத்தே உலகப் புகழ் பெற்றவர். எனக்கு அந்தப் பேராசை இல்லை. மிளகாய்ப்பழச் சிவப்பில் ஒரு துண்டை எடுத்து நடுவில் வைத்தேன். ஆசிரியை அதை வெகுநேரம் பார்த்தார். “மிகவும் உற்சாகமாக இருக்கிறது” என்று புன்னகைத்தார். “பையின் உள்பக்கத்துக்கு லைனிங்காகக் கொடுத்தால் இன்னும் அழகாக இருக்குமே!” ஜப்பானியர்கள் ‘வேண்டாம்’ என்று சொல்லவே மாட்டார்கள் என்பது உண்மைதான்.

துணியின் பின்பக்கம் பென்சிலால் கோடு போட வேண்டும். கோட்டுக்கு வெளியே 7 மில்லிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். நம் தையற்காரர் ‘ஒரு விரல் விட்டுக்கலாம்மா’ என்று முடித்துவிடுகிற விஷயம், இங்கே அளவுகோலோடு வருகிறது. பிறகு வலக்கை நடுவிரலில் தோல் மோதிரம் ஒன்றை மாட்டி, அதில் ஊசியின் தலையை அழுத்தி, ஊசியை அசைக்காமல் துணியை மேலும் கீழும் அசைக்க வேண்டும். காதால் கேட்கும்போது பெரிய தத்துவமாக இருக்கும். ஊசி விரலில் ஏறும்போது தத்துவமெல்லாம் இறங்கிவிடும். ஒரு வரிசை முடிந்ததும் தையல்மேல் விரலை ஓட்டி நீவிவிட வேண்டும். சுருங்கி நின்ற துணி நூலோடு நகர்ந்து நேராகும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் இத்தனை பேர் இந்த வேலையில் மாட்டிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

“நூறு யென் கடையில் பை கிடைக்குமே” என்றார் கணவர். அவர் சட்டைப் பொத்தான் அன்று முதல் அறுந்தபடியே இருக்கிறது.

பிப்ரவரி 8 அன்று இங்கே ஊசிக்கு ஒரு சடங்கு நடக்கிறது. ஒடிந்த, வளைந்த ஊசிகளை அசகுசாவின் சென்சோஜி கோயிலுக்குக் கொண்டுபோய், மிருதுவான டோஃபுக் கட்டியில் குத்திவைத்து நன்றி சொல்கிறார்கள். கெட்டித் துணியிலேயே காலமெல்லாம் பாடுபட்ட ஊசிக்குக் கடைசியில் மெத்தென்று ஓர் இடம் வேண்டுமாம். என் ஊசிக்கு அந்தக் குறையே இல்லை. அடிக்கடி என் விரலிலேயே இளைப்பாறிக்கொள்கிறது. குத்துப்பட்ட விரலுக்கும் இப்படி ஒரு நாள் உண்டா என்று ஆசிரியையிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்துத் தீவிரமாக யோசித்துவிட்டு, அடுத்த வகுப்புக்கு இன்னும் தடிமனான மோதிரம் கொண்டுவருவதாகச் சொன்னார்.