அழுகை உள்நாடு, அச்சு வெளிநாடு

ஒரு தமிழ்க் குழந்தையைக் காட்டி ஊரை எப்படி அழவைப்பது என்பதற்கு இப்போது முறையான செய்முறை வந்துவிட்டது.

சனி, ஞாயிறு இரவுகளில் ஏதாவது ஒரு டிவி பாட்டுப் போட்டியைப் பாருங்கள். பத்து வயதுப் பையன் மேடைக்கு வருகிறான். அவன் வாயைத் திறப்பதற்கு முன் ஓர் அறிமுக வீடியோ ஓடும். முதலில் தகரக் கூரை. அடுத்து, கூரைக்குக் கீழே அடுக்கிய நசுங்கிய பாத்திரங்கள். பிறகு அம்மாவின் காய்ப்பேறிய கை, ஸ்லோ மோஷனில். பின்னணியில் ஒரு புல்லாங்குழல் தேம்பும். "அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் தேவையில்லை, தொண்டை அடைத்தால் போதும். மறுபடி மேடை. நடுவர் கண்ணைத் துடைக்கிறார், தொகுப்பாளர் துடைக்கிறார், வரிசையில் உட்கார்ந்திருக்கும் மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் துடைக்கிறார்கள். அழாத ஒரே ஆள் பையன்தான். அவனுக்குப் பாட வேண்டிய வேலை இருக்கிறது. பாடியும் விடுகிறான். எங்கே சுருதி சேர்ந்தது, எங்கே தாளம் தப்பியது என்று பேச நேரமில்லை, சோப்பு விளம்பரம் காத்திருக்கிறது. அந்தக் கூரையை மட்டும் யாரும் மாற்றித் தருவதில்லை. இறுதிச் சுற்று வரைக்கும் அதைக் காட்டித்தானே ஓட்டுக் கேட்க வேண்டும்!

பாட்டுப் போட்டி நமக்குப் புதிதில்லை. சன் டிவியில் ஏ.வி. ரமணன் 'சப்தஸ்வரங்கள்' நடத்தினார். வந்தார்கள், பாடினார்கள், போனார்கள். போட்டியாளரின் வறுமை தனிச் சுற்றாக நடக்கவில்லை. அதற்கான அச்சு வேறு ஊரில் வார்க்கப்பட்டது. 2001-ல் பிரிட்டனில் 'பாப் ஐடல்', 2002-ல் 'அமெரிக்கன் ஐடல்', 2004-ல் 'இந்தியன் ஐடல்'. உரிமம் வாங்கியவர்கள் வாங்கினார்கள், வாங்காதவர்கள் பார்த்துப் படித்துக்கொண்டார்கள். நம் பங்குக்கு நாம் போட்டது கச்சாப் பொருள். இந்திய ஏழ்மை உலகத் தரமானது, மலிவானது, தட்டுப்பாடே வராது.

இதைத்தான் கலாச்சாரப் பரிவர்த்தனை என்கிறார்கள் கருத்தரங்குகளில். பல்கலைக்கழக ஏசி அரங்கில், ஏதோ ஒரு வங்கியின் பேனருக்குக் கீழே நின்று, உலகமயத்தை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டு, மதியம் பிரியாணிக்குக் கலைகிற கூட்டம் அது. அவர்களை விடுங்கள்.

பூட்டிய வீட்டுக்குள் பத்துப் பதினைந்து பேரை அடைத்துச் சண்டை மூட்டும் அச்சு நெதர்லாந்தில் வார்த்தது. ஜான் டி மோல் என்பவரின் யோசனை. 1999 செப்டம்பரில் 'பிக் பிரதர்' அங்கே ஒளிபரப்பானது. கண்காணிக்கும் அரசைப் பார்த்து மக்கள் நடுங்கட்டும் என்று 1949-ல் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் தன் நாவலில் வைத்த பெயர் அது. யாரும் நடுங்கவில்லை, எஸ்எம்எஸ் அனுப்பினார்கள். 2006-ல் இந்தியில் 'பிக் பாஸ்' ஆகி, 2017 ஜூனில் தமிழுக்கு வந்து சேர்ந்தது. அச்சை வைத்திருந்த எண்டமால் நிறுவனத்தை 2020-ல் பனிஜே வாங்கிக்கொண்டது. அதன் தலைமையகம் பாரிஸில். நம் பாரிஸ் கார்னர் இல்லை, ஈஃபிள் கோபுரம் நிற்கிற நிஜ பாரிஸ்.

இந்த வியாபாரத்தில் அச்சை, அதாவது பார்மட்டை, விற்கும்போது கூடவே ஒரு தடித்த கையேடு தருவார்கள். பைபிள் என்றே அதை அழைப்பது வழக்கம். செட்டு எப்படி இருக்க வேண்டும், கேமரா எங்கே நிற்க வேண்டும், எந்த மாதிரி ஆளுக்கு எதிரே எந்த மாதிரி ஆளை உட்காரவைக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த வகைக் கையேடுகளில் இருக்கும். கன்ஃபெஷன் ரூம், நாமினேஷன், எவிக்‌ஷன் எல்லாம் ஊர் ஊராக அப்படியே. "எங்க வீட்டுல என்னை இப்படி வளர்க்கல" என்று நம் பெண் தேம்புகிறாளே, அந்த ஒரு வரி மட்டும்தான் சொந்தச் சரக்கு.

மண்ணின் வாசனை வேண்டுமே என்றும் ஏற்பாடு உண்டு. தமிழ் 'பிக் பாஸ்' ஐந்தாவது சீசனில் நாட்டுப்புறப் பாடகி சின்னப்பொண்ணுவையும் மேடை நாடகக் கலைஞர் தாமரைச்செல்வியையும் வீட்டுக்குள் அழைத்தார்கள். விடிய விடியத் திறந்தவெளி மேடையில் ஆடுகிற கலை, செட்டுக்குள் ஒரு டாஸ்க் ஆகச் சுருங்கியது. தாளிக்கும்போது கறிவேப்பிலை, சாப்பிடும்போது இலையோரம். அந்தக் கலைஞர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கோவில் கொடைகளில் நாடகம் போடக் கூப்பிடுவது குறைந்துபோன ஊரில், கூப்பிட்ட இடத்துக்குப் போவார்கள். கூப்பிடாதவர்கள் நாம்.

பட்டினிக்கும் அச்சு உண்டு. 1997-ல் ஸ்வீடனில் தொடங்கி 'சர்வைவர்' என்று உலகம் சுற்றியது. 2021-ல் தமிழ்ப் பிரபலங்களைச் சான்சிபார் தீவு வரை கூட்டிக்கொண்டு போய், சோறில்லாமல் போட்டு, படமெடுத்துக் காட்டினார்கள். இங்கே பட்டினியா கிடைக்காது? கிடைக்கும். ஆனால் உள்ளூர்ப் பட்டினிக்கு ஸ்பான்சர் வரமாட்டார்.

இனி சந்தையின் சொந்தக்காரர்கள். விஜய் டிவி 1990-களில் கோல்டன் ஈகிள் என்ற பெயரில் தொடங்கியது. பீர் வியாபாரி விஜய் மல்லையா வாங்கி 'விஜய்' ஆக்கினார். 2001-ல் ரூபர்ட் முர்டாக்கின் ஸ்டாரிடம் வந்தது. ஸ்டாரின் தாய் நிறுவனத்தின் பெரும்பகுதியை 2019-ல் டிஸ்னி சுமார் 7,100 கோடி டாலருக்கு வாங்கியதில், மிக்கி மவுஸுக்குத் தமிழ் மாமியார்களும் இலவச இணைப்பாகப் போய்ச் சேர்ந்தார்கள். 2024 நவம்பரில் டிஸ்னியின் இந்தியத் தொழில் ரிலையன்ஸோடு கூட்டாகி, 70,352 கோடி ரூபாய் மதிப்புள்ள ஒரே கம்பெனி ஆனது. பிடி ரிலையன்ஸ் கையில். இத்தனை கை மாறியும், சீரியலில் மருமகள் கையிலிருந்து நழுவிய காபித் தம்ளர் இன்னும் தரையைத் தொடவில்லை.

உள்ளூர் முதலாளி என்றால் வேறு மாதிரி இருக்கும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று, சித்திரை முதல் நாளில் பிறந்தது. முழங்கியது தமிழ் முழக்கம். லண்டன்காரர்களின் கேள்வி-பதில் போட்டியைச் சரத்குமாரை வைத்துக் 'கோடீஸ்வரன்' ஆக்கியதும் அதே சேனல்தான். பிரிட்டிஷ் 'மாஸ்டர்செஃப்' அச்சில் விஜய் சேதுபதியை வைத்துச் சாம்பார் கொதிக்கவிட்டதும் அதுதான். தமிழன் என்ன சமைக்க வேண்டும் என்று சொல்லத் தமிழ் முதலாளிக்கும் வெள்ளைக்காரன் கையேடு தேவைப்பட்டது.

செய்தியும் பொழுதுபோக்கும் பணக்கார நாடுகளிலிருந்து ஒரே திசையில் பாய்கிறது, இது சரியில்லை என்று யுனெஸ்கோவுக்காக மெக்பிரைட் குழு 1980-லேயே அறிக்கை எழுதியது. 'பல குரல்கள், ஓர் உலகம்' என்று பெயர். இந்த மாதிரிப் பேச்செல்லாம் பிடிக்காமல் அமெரிக்கா 1984 கடைசியில் யுனெஸ்கோவை விட்டே வெளியேறியது, பிரிட்டன் அடுத்த ஆண்டு. அறிக்கை கேட்ட பல குரல்கள் இப்போது கிடைத்துவிட்டன. எல்லாரையும் ஒரே வீட்டுக்குள் அடைத்து, மைக் மாட்டி, கத்தவிட்டிருக்கிறார்கள்.

இத்தனையும் நடக்கும்போது நம் பண்பாட்டுக் காவலர்கள் தூங்கினார்கள் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். விழித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2017 ஜூலையில் இந்து மக்கள் கட்சியினர் சென்னை போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் புகார் கொடுத்தார்கள். 'பிக் பாஸ்' தமிழ்ப் பண்பாட்டைக் கெடுக்கிறது, அதைத் தொகுத்து வழங்கும் கமல்ஹாசனையும் உள்ளே இருப்பவர்களையும் கைது செய்ய வேண்டும் என்றார்கள். அன்றைக்கு அதை ஒளிபரப்பிய விஜய் டிவியின் உச்சியில் இருந்தவர் முர்டாக். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அமெரிக்காவில் டிவி நிலையம் வாங்க வெளிநாட்டவருக்குச் சட்டம் இடம் தராததால், 1985-ல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிக்கொண்டவர். காவலர்களே, அவர் நாட்டையே மாற்றிக்கொண்டிருந்தார், நீங்கள் உள்ளே இருக்கிற பெண் என்ன உடை மாற்றுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதுவும் ஓர் எபிசோடு விடாமல்! உங்கள் கண்டனம் ஒவ்வொன்றும் நிகழ்ச்சிக்குக் காசில்லாத விளம்பரம். பெண்ணின் தோளில் இறங்கிய துணி தெரிகிற கண்ணுக்கு, சேனல் கைமாறிக் கைமாறி 70,352 கோடி ரூபாய்க் கம்பெனிக்குள் போனது தெரியவில்லை. தகரக் கூரையின் கீழ் அழவைக்கப்பட்ட அந்த அம்மாவும் பண்பாட்டுக் கணக்கில் வரவில்லை. அவள்தான் புடவையை இழுத்துப் போர்த்தி இருந்தாளே, பிறகென்ன?

பரவாயில்லை, அடுத்த சீசனுக்கும் மனு எழுதுவீர்கள். இந்த முறை கமிஷனர் அலுவலகத்துக்கு ஆட்டோ பிடிக்காதீர்கள், அச்சு இருக்கிற பாரிஸுக்கே தபாலில் போடுங்கள். என்ன, பிரெஞ்சில் எழுத வேண்டியிருக்கும். புதுச்சேரியில் நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், ரசீதும் தருவார்கள்.