ரெண்டு பொட்டி வாங்கின நைனாவுக்கு

வா நைனா, குந்து. எண்ணூர் ஆபீசுல ஆயிரம் பேருக்கு நெட்டு ஓடணும், நடுவுல நிக்கவே கூடாதுன்னு பிளான் போட்டு கீறியாமே? படம் ஷோக்கா கீது. நெட்டுக்குப் போற வழியில நிக்கிற பிராக்ஸி ஸ்க்விட் ரெண்டு. அதுக்கு முன்னால, வர்ற ஆளுங்களைப் பிரிச்சு அனுப்ப ஹெச்ஏபிராக்ஸி ரெண்டு. அதுல ஒண்ணு படுத்தா இன்னொண்ணை எழுப்பிவிட காவல் கீப்அலைவ்டி. கலர் கலரா அம்புக்குறி வேற. பெரிய ஆளுதான்!

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இத்தனை பொட்டிக்கும் கரண்டு எங்கேருந்து வருது? ஒரே யூபிஎஸ்ஸா? ரெண்டு நங்கூரத்தையும் ஒரே கயித்துல கட்டிகினு கடலுக்குப் போறவனை காசிமேட்டுல இன்னான்னு சொல்வாங்க தெரியுமா? வேணாம், உங்க ஆயா காதுல வுழும்.

லைன் ரெண்டு கம்பெனிக்காரன் கிட்ட எடுத்துட்டேன்றே. கெட்டிக்காரன். ரெண்டும் டி.எச். ரோட்டுல ஒரே பள்ளத்துல வருதான்னு பாத்தியா? இது மெயினு, இது ஸ்பேருன்னு ஜேசிபிக்காரன் பாத்தா தோண்டுவான்? 2016 டிசம்பர் 12 வர்தா புயல்ல கடலுக்கு அடியில போற கேபிளே அடி வாங்கி நெட்டு நொண்டிச்சு. ரோட்டோரக் கேபிள் எம்மாத்திரம்?

கணக்குக்கு வா. ஆயிரம் பேருல பொட்டிக்கு ஐந்நூறு. ரெண்டும் இப்பவே 60 சதவீதத்துல மூச்சு வாங்குது. ஒண்ணு படுத்துச்சுன்னா இன்னொண்ணு தலையில 120. அதுவும் கூடவே போய்ச் சேரும். இதுக்குப் பேரு காப்பா? ரெட்டைச் சாவு!

ஸ்க்விட்டு உயிரோட கீதான்னு பாக்க செக் வச்சு கீறேன்றியா? நீ ஒண்ணும் சொல்லலேன்னா ஹெச்ஏபிராக்ஸி ஸ்க்விட்டோட 3128 போர்ட்டு எடுக்குதான்னு மட்டும்தான் பாக்கும். டிஎன்எஸ் செத்து ஒரு பக்கமும் வரலேன்னாலும், போர்ட்டு எடுத்தா பச்சை லைட்டுதான். வெளியிலேருந்து நெசமா ஒரு பக்கத்தைக் கொண்டாரச் சொல்லு. வந்தா உயிரு கீது, இல்லேன்னா இல்ல.

இம்மாம் ஜோடனை எதுக்குன்றேன். எந்த பிராக்ஸிகிட்ட போவணும்னு பிரவுசருக்குச் சொல்ற பேக் (PAC) ஃபைல்ல ரெண்டு ஸ்க்விட் பேரையும் வரிசையா எழுதிவை. மொதல் ஆளு பேசலேன்னா பிரவுசரே ரெண்டாவது ஆளுகிட்ட போவும். கொஞ்சம் தயங்கித்தான் போவும், போவட்டுமே. ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தா சரி. ஆனா மீட்டிங்ல அம்புக்குறி கொறைஞ்சிடும், அதானே உன் பேஜாரு?

99.99 சதவீதம்னு எழுதிக் குடுத்து கீறியே, வருசத்துக்கு எத்தினி நிமிசம் படுக்கலாம்னு கணக்குப் போட்டியா? சுமார் 53. பாஸ்வேர்டு தெரிஞ்சவன் ஒருத்தன். அவன் திருப்பதிக்கு மொட்டை போடப் போன அன்னிக்கு பொட்டி படுத்தா, 53 நிமிசத்துல மலை எறங்கி வந்துடுவானா?

இன்னா முழிக்கிறே? படத்தை மடிச்சு வை. நாளைக்குப் பகல் பதினோரு மணிக்கு, ஆயிரம் பேரும் வேலை பாத்துகினு கீற நேரத்துல, ஒரு பொட்டியோட ஒயரைப் புடுங்கு. எவனும் ஏன்னு கேக்கலேன்னா பாஸு. புடுங்கவே கை நடுங்குதா? அப்ப உன்கிட்ட ரெண்டு இல்ல நைனா, ஒண்ணுதான் கீது. துட்டுதான் ரெண்டுக்குக் குடுத்துட்டே.