முடிச்சூர் சாலைப் புளுகியல்: ஒரு வகைப்பாட்டு முயற்சி

ரீல், பீலா, புருடா, உடான்ஸ், உருட்டு, டகால்டி எல்லாம் ஒருபொருட் பன்மொழி என்று அறிஞர்கள் தள்ளிவிடுகிறார்கள். சோம்பேறித்தனம். மேற்குத் தாம்பரம் தொடங்கி முடிச்சூர் வரை மனை விற்பவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டால் ஒன்று புலப்படும்: நாம் பொய்யை அளப்பது அதன் பொய்மையால் அல்ல, கேட்டவன் கையைவிட்டுப் போன காசால்.

முதல் அழைப்பு, ‘நூல் விடுதல்’. சேதாரமில்லை. “உங்களை மாதிரி படிச்சவங்களுக்கு நான் சொல்லணுமா சார்” என்பது ‘ஐஸ்’. “தாம்பரம் ஸ்டேஷன் பத்தே நிமிஷம்” என்பது ‘ரீல்’. (எந்த வாகனத்தில், எந்த நள்ளிரவில் அளந்தது என்பது தனி ஆய்வுக்குரியது. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததும் மனைகள் அதற்கும் பத்தே நிமிடத்தில் வந்து நின்றன.) முன்பணம் கைமாறியதும் அதே வாக்கியம் ‘அல்வா’ ஆகிறது, பத்திரம் பதிந்தபின் ‘நாமம்’, வங்கிக் கடனும் சேர்ந்தால் ‘பட்டை நாமம்’. வாக்கியத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், 12-ஆம் பிரிவில் நம் கோட்பாட்டையே வழிமொழிகிறது: விளம்பரத்தை நம்பி முன்பணம் கொடுத்து, நட்டமும் பட்டவருக்கே இழப்பீடு. ரீலுக்கு வழக்கில்லை, அல்வாவுக்கு உண்டு.

சொல்வளம் கொழிப்பது தண்ணீரில்தான். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை, அடையாறு பெருகி, முடிச்சூர்த் தெருக்களில் படகு ஓடியது. ஆகவே “தண்ணி நிக்குமா?” என்று கேட்காமல் இங்கே யாரும் மனை பார்ப்பதில்லை. “அது நூறு வருஷத்துக்கு ஒருதடவை வர்ற மழை சார்” என்றால் ‘சப்பைக்கட்டு’. “ஏன், வேளச்சேரியில நிக்கலையா?” என்றால் ‘மடைமாற்று’, பொருத்தமான பெயர்தான். “ரோட்டை நல்லா ஒசத்திட்டாங்க சார்” என்பதோ முழு உண்மை. உயர்ந்த சாலையிலிருந்து தண்ணீர் எங்கே இறங்கும் என்பதை மட்டும் சொல்வதில்லை. இதற்குப் பெயர் ‘பூசி மெழுகல்’: பொய்யே கலவாத புளுகு. இத்துறையின் சிகரம் இதுவே என்பது என் துணிபு.

‘லேக் வியூ’ மட்டும் எந்த வகையிலும் அடங்கவில்லை. சித்திரையில் அது ரீல். ஐப்பசி பிறந்தால் நிஜமாகிவிடுகிறது, வரவேற்பறையிலிருந்தே. பின்னிணைப்பில் சேர்த்திருக்கிறோம்.