தோக்குறதுக்கு மாமன் சொல்லும் வழி

ஏ மருமவனே, போயிவாடா கோர்ட்டுலேர்ந்து உனக்குச் சம்மன் வந்திருக்காமே. தாதர் பூ மார்க்கெட்டுலேர்ந்து தாராவி வரைக்கும் தெரிஞ்சு போச்சு. உன் அத்தைக்கு மட்டும் நீ சொல்லல. அவளுக்குத்தான் மொதல்ல தெரிஞ்சுது.

ஜெயிக்குற வழிய வக்கீல் சொல்லுவாரு, அதுக்குக் காசு வாங்குவாரு. நான் தோக்குற வழியச் சொல்லுதேன். ஓசிதான், ஒரு கட்டிங் சாயா வாங்கிக் குடு போதும்.

மொத வழி, பேப்பரப் படிக்காத. "சின்னக் கேஸு மாமா"ன்னு சொல்லிக்கிட்டே திரி. உன் பேப்பர்ல பாரதிய நியாய சன்ஹிதாவுல மூணு பிரிவு போட்டிருக்கு: 115(2), 126(2), 352. பூக்கடைக்காரரைத் தள்ளி அடிச்சே, வழிய மறிச்சே, வாய்க்கு வந்தபடி பேசுனே. அடியும் பேச்சும் மட்டும்னா போலீஸு சௌக்கியில ஒரு என்.சி. புகாரு எழுதி அனுப்பியிருப்பாவ, மாஜிஸ்திரேட் சொல்லாம போலீஸு அதை விசாரிக்க முடியாது. இந்த வழி மறிச்ச சமாச்சாரம் ஒண்ணு சேந்துச்சு பாரு, மொத்தமும் எஃப்.ஐ.ஆர். ஆயிப்போச்சு. இன்னொரு வேடிக்கை கேளு. அடிச்சதுக்கு ஒரு வருசம் வரைக்கும்தான் ஜெயில். சண்டைய மூட்டுற மாதிரி ஒருத்தரை அவமானப்படுத்துனதுக்கு ரெண்டு வருசம் வரைக்கும் போடலாம். வாய்க்கொழுப்பு சீலையில வடிஞ்சுதுன்னு ஊருல சொல்லுவாவளே, சட்டம் எழுதுனவனும் நம்ம பக்கத்து ஆளுதான் போல.

ரெண்டாவது வழி, ஸ்டேசன்ல உன் பேச்சுத் திறமையெல்லாம் காட்டு, நீட்டுன எடத்துல கையெழுத்துப் போடு. விசாரணையில நீ சொல்லுற வாக்குமூலத்துல கையெழுத்து வாங்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. போலீஸுகிட்ட குத்தத்த ஒத்துக்கிட்டாலும் அது கோர்ட்டுல உனக்கு எதிரா சாட்சி ஆகாது. ஆனா நீதான் பெரிய மனுசனாச்சே, வெத்துப் பேப்பர்ல கூடப் போடுவே. ஜாமீனுக்கும் யாரு கால்லயாவது விழு. இந்த மூணு பிரிவுக்கும் ஜாமீன் உன் உரிமை, யாரும் போடுற பிச்சை இல்லங்குறத மறந்துரு.

மூணாவது வழி, தாரிக் அன்னைக்கு, அதான் கோர்ட்டுத் தேதியன்னைக்கு, லோக்கல் ரயிலு லேட்டு, மழை, மச்சான் கல்யாணம்னு போகாம இரு. தாரிக் தவறுனா வாரண்ட் வரலாம். அப்புறம் வாரண்டைக் கேன்சல் பண்ண ஒரு மனு, அதுக்கு ஒரு தாரிக். போனாலும் வெறுங்கையோட போ, மராத்தியில என்ன கேட்டாலும் மண்டைய ஆட்டு. சாட்சி சொல்லுறது உனக்குப் புரியாத பாஷையில இருந்தா, புரியுற பாஷையில எடுத்துச் சொல்லணும்னு கேக்க உனக்குப் பாத்தியதை உண்டு. வக்கீலுக்கு வசதி இல்லைன்னா 1987 சட்டப்படி இலவச வக்கீல் கேக்கலாம். பொம்பளைங்க, தலித் ஆதிவாசி மக்கள், காவல்ல இருக்குறவங்க வருமானக் கணக்கே காட்ட வேண்டாம். மத்தவங்களுக்கு வரம்பு உண்டு. நீ எதுவும் கேக்காத, கேட்டா கௌரவம் கொறைஞ்சு போவும்லா.

நாலாவதுதான் ராஜபாட்டை. மாஜிஸ்திரேட் "குத்தம் கபூலா?"ன்னு, அதாவது ஒத்துக்கிடுறியான்னு, கேட்ட ஒடனே, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு போயிரலாம்னு "கபூல்"னு சொல்லிரு. கட்டுன அபராதம் தண்டனைதான், கேஸு தண்ணியில கரைஞ்சு போச்சுன்னு அர்த்தமில்ல. நாளைக்கு வேலை ஃபாரத்துல தண்டனை உண்டான்னு கேட்டா, இல்லைன்னு எழுத ஒன் கை கூசும்.

கபூல் சொல்லுறவன் எல்லாம் முட்டாள்னு சொல்லல. புறாக் கேஸைப் பாரு. 2025 ஜூலை கடைசியில பம்பாய் ஹைகோர்ட்டு, புறாவுக்கு இரை போடுறவங்க மேல கேஸு போடுங்கன்னு முனிசிபாலிட்டிக்குச் சொல்லிச்சு. புறாவுக்கு இரை போடுற எடமான தாதர் கபூதர்கானாவைத் தார்ப்பாய் போட்டு மூடுனாவ, ஆகஸ்ட்ல ஒரு கூட்டம் வந்து அதைக் கிழிச்சுது. அந்தச் சமயத்துல தாதர் வியாபாரி ஒருத்தர் மாகிம்ல இரை போட்டு மாட்டுனாரு. டிசம்பர்ல பாந்த்ரா கோர்ட்டுல குத்தத்த ஒத்துக்கிட்டாரு, 5,000 ரூவா அபராதம். அவரு மேல போட்டதுல ஒரு பிரிவுக்கு ஒரு வருசம் வரைக்கும் உள்ள தள்ளலாம். வேற என்ன செய்ய? எதிர்ல நின்னது சர்க்காரு. புறாவும் கோர்ட்டுக்கு வந்து "எங்களுக்குள்ள ராசியாயிருச்சு எசமான்"னு சொல்லாது.

உன் கேஸுல எதிராளி ஒரு மனுசன். இங்கதான் ஒனக்கு அஞ்சாவது வழி இருக்கு: வீராப்பு. "நான் எதுக்குலே அவன் வாசல்ல போய் நிக்கணும்?"னு மீசைய முறுக்கு. உன் மூணு பிரிவும் ராசி பண்ணிக்கிடக் கூடியது. அடிபட்டவரு மனசு வச்சா போதும், கோர்ட்டு அனுமதிகூட வேண்டாம். ரெண்டு பேரும் மாஜிஸ்திரேட் முன்னால சொல்லி எழுதிக் குடுத்தா அது விடுதலைக்குச் சமம். அபராதமும் கிடையாது, தண்டனையும் கிடையாது. வீராப்பா இழுத்தடிச்சா, கேஸு முடியுற வரைக்கும் பாஸ்போர்ட்டுக்குக் கூடக் கோர்ட்டு அனுமதி வாங்கணும். துபாய் போறேன்னு போன தீவாளியிலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கியே, அப்ப கடலைத் தாண்டாம பாந்த்ரா கடல்பாலத்தைப் பாத்துக்கிட்டு நில்லு.

ஒண்ணு மட்டும் நெசமாச் சொல்லுதேன், கேட்டுக்க. ஆளுங்களக் கூட்டிக்கிட்டுப் போய் ராசி பண்ணச் சொல்லி மெரட்டிராத, அது புதுக் கேஸு. தனியாப் போ. அவரு வயசுக்கு அண்ணாச்சின்னு கூப்பிடு. மொதல்ல மன்னிப்பக் கேளு, அப்புறம் உன் அத்தைக்குப் பத்து மொழம் மல்லி வாங்கு, அவரு சொன்ன வெலைக்கே. நீ பேரம் பேசி ஆரம்பிச்ச சண்டைதானலே இது?