இரு கழக ரிமோட்டுகள்

சிமெண்ட் ஆலை ஊரான ரெட்டிபாளையத்திலும் வீட்டுக்கு டிவி ஒன்றுதான், ரிமோட் இரண்டு. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஒன்றைத் தந்தது. 2017-இல் அரசு கேபிள் செட்டாப் பாக்ஸ் இன்னொன்றை. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கழகம் கொடுத்தது. அப்புறம் இரண்டும் எப்படிப் பேசிக்கொள்ளும்?

யூனிவர்சல் ரிமோட் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் ரிமோட் குறியீடுகளைச் சேமிக்கும் கோப்புகளே ஒன்றுபோல் இல்லை: பிலிப்ஸின் ப்ரான்டோ கோப்பு சிக்னலின் 36 கிலோஹெர்ட்ஸ் அலைவெண்ணை 0073 என்று பதினாறடிமானத்தில் எழுதும். லினக்ஸின் லிர்க் கோப்பு அதையே 36000 என்று பச்சையாகச் சொல்லும். ஒன்றை மற்றொன்றாக மாற்ற மென்பொருள் உண்டு. மாற்றி முடிப்பதற்குள் சீரியலில் மருமகள் வீட்டை விட்டே போயிருப்பாள்.

பேசாமல் இரண்டையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் போடுங்கள். தேர்தல் வரை தாங்குகிற கூட்டணி அது ஒன்றுதான்.