கதவைச் சாத்திக்கொண்ட அண்ணன்மார் கதை

தாமஸ் ஜெஃபர்சன் கல்லூரியில் படித்தபோது ஒரு ரகசியச் சங்கத்தில் இருந்தார். வர்ஜீனியா மாநிலம் வில்லியம்ஸ்பர்க்கில் உள்ள வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் 1750-இல் தொடங்கிய சங்கம் அது. பெயர் எஃப்.எச்.சி. அதன் விரிவு உறுப்பினர்களுக்கே வெளிச்சம். மற்ற பையன்கள் 'தட்டைத் தொப்பி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஜனாதிபதியாக இருந்து ஓய்வு பெற்றுக் கிழவரான பிறகு யாரோ விசாரிக்க, அந்தச் சங்கத்தால் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்கிற பொருளில் கடிதமே எழுதினார் ஜெஃபர்சன். அமெரிக்க மாணவர் சங்கங்களைப் பற்றி அதற்குப் பிறகு எவ்வளவோ ஆராய்ச்சி வந்துவிட்டது. இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் சொல்லவில்லை.

அதே கல்லூரியில் பி.டி.ஏ. என்று இன்னொரு கோஷ்டி. ஜான் ஹீத் என்கிற மாணவர் அதில் சேரப் போனார், சேர்க்க மாட்டோம் என்றுவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. நாமாக இருந்தால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் மறந்திருப்போம். ஹீத் கிரேக்க மொழியில் கெட்டிக்காரர். 1776 டிசம்பர் 5 அன்று அவரும் நான்கு நண்பர்களுமாகச் சேர்ந்து ஃபை பீட்டா காப்பா என்று ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். ஊரில் இருந்த ராலே மதுவிடுதியில் பிறந்தது என்பது ஐதீகம். நாடு சுதந்திரப் பிரகடனம் செய்து ஐந்தே மாதம். வெளியே பிரிட்டிஷ் ராஜாவோடு யுத்தம் நடக்கிறது. உள்ளே ஐந்து பையன்கள் உட்கார்ந்து, கைகுலுக்குவதற்கு யாருக்கும் புரியாத ஒரு முறையைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

உள்ளே விடவில்லையே என்கிற கோபம், மூன்று கிரேக்க எழுத்து, ஒரு ரகசியக் கைகுலுக்கல். பிற்பாடு வந்த ஃபிரட்டர்னிட்டிகள், அதாவது சகோதரச் சங்கங்கள், எல்லாவற்றுக்கும் மூலதனம் இவ்வளவுதான். 1831 வாக்கில் ஃப்ரீமேசன்கள் என்கிற ரகசியச் சங்கத்தார் நாட்டைக் கெடுக்கிறார்கள் என்று கூச்சல் கிளம்பியதும் ஃபை பீட்டா காப்பா ரகசியத்தைக் கைவிட்டது. நன்றாகப் படிப்பவர்களைக் கௌரவிக்கும் கண்ணியமான அமைப்பாக மாறி, 1875-இல் வெர்மான்ட்டில் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. கண்ணியம் வந்துவிட்டால் பையன்களுக்கு அங்கே என்ன வேலை? அவர்கள் ஏற்கெனவே நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில் 1825-இல் காப்பா ஆல்ஃபாவை ஆரம்பித்து, அந்தக் கலாசாரத்தை ஊர் ஊராகப் பரப்பிக்கொண்டிருந்தார்கள்.

பெண்களுக்கு இந்தப் பையன்களின் சங்கங்களில் இடம் கிடையாது. ஆபத்துக்குப் பாவமில்லை என்கிற கணக்கில் ஒரு விலக்கு. உள்நாட்டுப் போர் வந்தபோது, சிக்மா ஆல்ஃபா எப்சிலான் சங்கத்தின் கென்டக்கி ராணுவப் பள்ளிக் கிளைப் பையன்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். சடங்கு ரகசியங்கள் எழுதிய காகிதங்களை யாரிடம் விடுவது? லூசி பாட்டி என்கிற இளம்பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். (பாட்டி என்பது குடும்பப் பெயர். வயதைப் பார்த்து வைத்ததல்ல.) போர் முடிந்து திரும்பி வந்து கேட்டவர்களிடம், சங்கத்து பேட்ஜைக் காட்டினால்தான் தருவேன் என்றாராம் லூசி. ஆண்களின் ரகசியத்தை ஆண்களிடமிருந்தே காப்பாற்றியதற்கு நன்றியாக அவரையும் உறுப்பினராக்கினார்கள். அதோடு அந்தக் கணக்கை மூடிவிட்டார்கள்.

பெட்டி லாக் கதை இன்னும் ருசி. இண்டியானா மாநிலம் கிரீன்காசிலில், இன்று டிபாவ் பல்கலைக்கழகம் எனப்படும் கல்லூரி 1867-இல்தான் பெண்களைச் சேர்த்தது. முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தவர்களில் பெட்டி ஒருவர். அப்பா அங்கேயே பேராசிரியர். வகுப்பில் பையன்கள் காட்டிய முறைப்புக்கெல்லாம் அசராமல் படித்தார். ஒருநாள் ஃபை காமா டெல்டா சங்கத்து நண்பர் ஒருவர், எங்கள் பேட்ஜை நீ குத்திக்கொள்ளலாமே என்றார். சங்கத்தில் சேர்த்துக்கொண்டு, ரகசியங்களையும் சொன்னால் குத்திக்கொள்கிறேன் என்றார் பெட்டி. பையன்கள் கூடிப் பேசினார்கள். சேர்ப்பதற்கு மனம் வரவில்லை, சும்மா விடவும் மனம் வரவில்லை. கடைசியில் கேக் வைக்கிற வெள்ளிக் கூடை ஒன்றில் தங்கள் எழுத்துகளைப் பொறித்துப் பரிசாகக் கொடுத்தார்கள். கேட்டது சமபந்தி, கொடுத்தது பாத்திரம்.

அப்பா சொன்ன யோசனை: நீயே ஒன்று ஆரம்பித்துவிடு. 1870 ஜனவரி 27 அன்று பெட்டி கண்ணாடி முன் நின்று, தானே எழுதிய உறுதிமொழியைத் தனக்குத்தானே செய்துவைத்துக்கொண்டார். குருவும் அவரே, சிஷ்யையும் அவரே. பிறகு தோழிகள் மூவருக்குச் செய்துவைத்தார். அதுதான் காப்பா ஆல்ஃபா தீட்டா. இதில் கவனிக்க வேண்டியது, பெட்டி அந்தப் பையன்களின் விளையாட்டைக் கேலி செய்யவில்லை என்பது. பேட்ஜ், உறுதிமொழி, ரகசியம் என்று ஒன்று விடாமல் அப்படியே எடுத்துக்கொண்டார்.

கறுப்பின மாணவர்கள் செய்ததும் இதுதான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். வெள்ளைப் பையன்களின் ஃபிரட்டர்னிட்டி வீடுகளில் அவர்களுக்குப் பரிமாறுகிற வேலை கிடைக்கும், பந்தியில் நாற்காலி கிடைக்காது. 1906 டிசம்பர் 4 அன்று ஏழு பேர் சேர்ந்து ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். 1908-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துப் பெண்கள் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவை ஆரம்பித்தார்கள். 1986-இல் அதில் சேர்ந்தவர்தான் நம் துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸ். அவருடைய அம்மா ஷ்யாமளா கோபாலன் அம்மாள் அதற்கும் கால் நூற்றாண்டு முன்பே பெர்க்லியில் கறுப்பின மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் போய் உட்கார்ந்தவர். அங்கே யாரும் அவரிடம் பேட்ஜ் கேட்கவில்லை.

இந்தப் பக்கம் வெள்ளைச் சங்கங்களின் விதிமுறைகளைப் படித்தால் ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவை விளம்பரம் படிக்கிற மாதிரி இருக்கும். ஒஹாயோவில் 1848-இல் பிறந்த ஃபை டெல்டா தீட்டா, 1912-இல் தன் சட்டதிட்டத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தது: உறுப்பினர் முழு ஆரிய ரத்தம் உள்ள வெள்ளையராக இருக்க வேண்டும். ஆரியர் யார் என்று நாம் இங்கே நூறு வருஷமாகச் சண்டை போட்டும் தீரவில்லை. ஒஹாயோ பையன்கள் ஒரே வரியில் தீர்த்துவிட்டார்கள். ஹிட்லர் செத்து ஒன்பது வருஷம் கழித்து, 1954-இல்தான் அந்த வரியை எடுத்தார்கள்.

ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 1948-இல் நடந்தது எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம். ஃபை காப்பா சை கிளைப் பையன்கள் ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொண்டார்கள். தலைமையகம் கிளையையே நீக்கியது. பையன்கள் அழவில்லை, கெஞ்சவில்லை. பெயரில் நடுவில் இருந்த காப்பாவை எடுத்துவிட்டு ஆல்ஃபாவைப் போட்டு, ஃபை ஆல்ஃபா சை என்று அதே கூட்டத்தோடு கடையைத் தொடர்ந்து நடத்தினார்கள். இருநூற்றைம்பது வருஷக் கதையில் ஓர் எழுத்து உருப்படியாக மாறிய இடம் அதுதான் என்பேன்.

1972-இல் டைட்டில் நைன் சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் கல்லூரியில் ஆண், பெண் பேதம் கூடாது. அப்படியானால் ஃபிரட்டர்னிட்டிகள் கதி? அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த செனட்டர் பிர்ச் பே அவர்களே 1974-இல் திருத்தமும் கொண்டுவந்தார்: இந்தச் சங்கங்களுக்கு மட்டும் விலக்கு. சட்டமும் அவரே, சந்தும் அவரே.

ஆக, திறந்த கதவு வேண்டுமென்றால் யாராவது புதுக் கதவு வைத்தால்தான் உண்டு. 1981-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் மியூ சிக்மா உப்சிலானைத் தொடங்கி, எந்த இனத்துப் பெண்ணும் வரலாம் என்றார்கள். 1985-இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா சை லாம்டா, லத்தீனோ மாணவர்களை ஆண் பெண் இருபாலாரும் சேர்த்து ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. 1992-இல் பெர்க்லியில் தெற்காசிய மாணவர்களுக்காக, இருபாலாரும் சேரும் டெல்டா ஃபை பீட்டா வந்தது. 2003-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் காமா ரோ லாம்டா, திருநர்களையும் தன்பால் ஈர்ப்பினரையும் சேர்த்துக்கொண்டு, எந்தப் பண்பாட்டவரும் வரலாம் என்றது. நூற்றறுபது வயதான ஆல்ஃபா டெல்டா ஃபை, பெண்களைச் சேர்ப்பதா என்கிற கேள்வியில் 1992-இல் இரண்டாகப் பிளந்தது. இரண்டும் அதே பெயரில்தான் நடக்கின்றன. பாகப்பிரிவினையில் பெயரைப் பிரிக்க முடியாது போலிருக்கிறது.

புதியவர்கள் கதவைத்தான் திறந்தார்களே தவிர மற்றதைத் தொடவில்லை. எல்லாரும் வாருங்கள் என்கிற சங்கத்திலும் சடங்கு ரகசியம்தான், மூன்று எழுத்தும் கிரேக்கம்தான். கிரேக்கர் யாரும் வந்து கேட்கவில்லை.

கடைசியாக ஹார்வர்ட். ஆண்கள் மட்டும், பெண்கள் மட்டும் சேரும் சங்கங்களில் இருப்பவர்களுக்கு விளையாட்டு அணித் தலைமையும் ரோட்ஸ் உதவித்தொகைக்கான பரிந்துரையும் கிடையாது என்று 2016-இல் அறிவித்தார்கள். குறி வைத்தது 1791-இலிருந்து நடக்கிற போர்செலியன் மாதிரியான ஆண்கள் கிளப்புகளுக்கு. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டையே சேர்க்காத இடம் அது. போர்செலியன் அசையவில்லை. அடி வாங்கியவர்கள் பெண்கள். பெட்டி லாக்கின் தீட்டா, ஹார்வர்டில் 2018-இல் தலைமையகத்தை விட்டு விலகி, எல்லாப் பாலினத்தவரையும் சேர்க்கும் தனிச் சங்கமாக மாறியது. 2020-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தன்பால் ஈர்ப்பினரையும் திருநரையும் வேலையிலிருந்து நீக்குவது பாலினப் பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தர்க்கப்படி நம் விதியும் வழக்கில் நிற்காது என்று ஹார்வர்ட் விதியைத் திரும்பப் பெற்றது. ஒதுக்கப்பட்டவர்களைக் காத்த தீர்ப்பு, ஒதுக்கியவர்களின் கிளப்பையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டது.

உங்கள் வீட்டுப் பிள்ளை அமெரிக்காவில் படிக்கிறது, மூன்று கிரேக்க எழுத்துப் போட்ட சட்டையோடு வீடியோ காலில் வருகிறது என்றால், பெண்ணானாலும் பையனானாலும் பயப்பட வேண்டாம். ரகசியம் என்ன என்று கேட்காதீர்கள், சொல்லாது. புதுசாகச் சேர்பவர்களை என்ன செய்யச் சொல்கிறார்கள், வருஷச் சந்தா எவ்வளவு, இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். முதல் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கினால், அடுத்த நாளே அந்தச் சங்கத்தை விட்டு வரச் சொல்லுங்கள்.